எத்தியோப்பிய உணவகம், எல்லோருக்கும் ஒரே தட்டு: எச்சில் பார்க்கும் அத்தையைக் கூட்டிப் போகலாமா?

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பையன் அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கம் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் வேலை பார்க்கிறான், அடுத்த மாதம் நானும் அத்தையும் அவனைப் பார்க்கப் போகிறோம். அவன் தெருமுனையில் எத்தியோப்பியக்காரர்கள் குடும்பமாக நடத்தும் சின்ன உணவகம் ஒன்று இருக்கிறதாம். போன புதிதில் யாரையும் தெரியாமல் இவன் திண்டாடியபோது அந்தக் கடைக்கார அம்மாதான் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். காய்ச்சலில் படுத்தபோது பருப்புக் குழம்பு கொடுத்தனுப்பி, காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இப்போது நாங்கள் வருவது தெரிந்ததும், உன் பாட்டிக்கு முதல் விருந்து இங்கேதான் என்று முடிவே செய்துவிட்டார்.

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. சுத்த சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அதையாவது சமாளிக்கலாம், எச்சில் விஷயம்தான் பெரிய விஷயம். தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாலே எடுத்துக் கழுவப் போட்டுவிடுவார். அங்கேயோ எல்லோரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்களாம், அதற்கு மேல் அந்த அம்மா தன் கையாலேயே வாயில் ஊட்டிவிடுவாராம். என் பையனுக்குத் தாய் போல இருந்த மனுஷியின் மனது நோகக் கூடாது, அத்தையும் பசியோடு எழுந்திருக்கக் கூடாது. போய்ச் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்.

நகரி எல்லை:

அக்கா, தைரியமாகக் கூட்டிப் போங்கள். எனக்குச் சொந்த ஊர் நகரிப் பக்கம், ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் பேசுவது தமிழ்தான். இப்போது இருப்பது வர்ஜினியாவில், சில்வர் ஸ்பிரிங்குக்குக் காரில் போய்விடலாம். 1974இல் அங்கே மன்னராட்சி கவிழ்ந்து ராணுவம் வந்த பிறகு வெளியேறியவர்களில் நிறையப் பேர் வாஷிங்டனைச் சுற்றித்தான் குடியேறினார்கள், அதனால் இந்த வட்டாரத்தில் நல்ல எத்தியோப்பியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை.

சைவத்துக்கும் கவலை வேண்டாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும், ஈஸ்டருக்கு முன்னால் 55 நாளும் விரதம். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கூடாது. அந்த விரதச் சாப்பாடுதான் மெனுவில் 'யெட்சோம் பெயாய்நெத்து' என்று இருக்கும், எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துத் தருவார்கள். மிசிர் வொத் என்பது மைசூர்ப் பருப்பில் பெர்பெரே மிளகாய்ப்பொடி போட்டுச் செய்வது, நல்ல காரம். கிக் அலிச்சா மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, காரமே இருக்காது, அத்தைக்கு இதைத்தான் முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் கோமன் என்று ஒரு கீரை, முட்டைக்கோஸ் கேரட் உருளைக்கிழங்கு சேர்ந்த ஒரு பொரியல், கடலைமாவில் கொதிக்கக் கொதிக்க வரும் ஷிரோ. வெங்காயம் பூண்டு எல்லாவற்றிலும் உண்டு, ஒதுக்குகிறவர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். பையன் தனக்குக் கோழியோ ஆட்டிறைச்சியோ சொன்னால் அதையும் அதே இன்ஜெராவின் (தட்டில் விரிக்கும் புளித்த மாவுத் தோசை) நடுவில் கொட்டிவிடுவார்கள், குழம்பு ஊறி ஓடி சைவத்தோடு கலந்துவிடும். அன்றைக்கு மேசை முழுக்கச் சைவம் என்று சொல்லிவிடுங்கள். தனித்தட்டு கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செங்கோட்டை வாசகி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். விரத நாளில் போனாலும் அந்தச் சமையலறையில் மாட்டிறைச்சி வேகும், பச்சையாகக் கொத்திய மாட்டிறைச்சியில் மசாலா வெண்ணெய் கலந்த கித்ஃபோ அவர்கள் விரும்பிச் சாப்பிடும் பதார்த்தம். பன்றி மட்டும்தான் கிடையாது. பாத்திரமும் கரண்டியும் தனியாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதை அத்தையிடம் மறைத்துக் கூட்டிப் போகாதீர்கள். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் எதைச் சாப்பிடுவது என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும், நாம் நல்ல எண்ணத்தில் ஏமாற்றினாலும் அது ஏமாற்றுதான். எல்லாவற்றையும் சொல்லுங்கள், பேரனுக்குக் காய்ச்சலில் சோறு போட்ட வீடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் வருகிறேன் என்றால் மனதார வருவார்.

சித்தூர் வாத்தியார்:

அம்மணி, நான் பாலக்காட்டுச் சித்தூர், உங்களுக்குப் பக்கம்தான். எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊரில் சில வருஷம் கல்லூரியில் பாடம் எடுத்தேன். மன்னர் ஹைலே செலாசி காலத்திலிருந்தே நம் பக்கத்து ஆசிரியர்கள், முக்கியமாக மலையாளிகள், அந்த நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய் வேலை பார்த்திருக்கிறார்கள். இந்தியாக்காரர் என்றதும் வயதான எத்தியோப்பியர்கள் தங்கள் கணக்கு வாத்தியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அத்தைக்கு அங்கே பேச்சுத்துணைக்குக் குறை இருக்காது.

எச்சில் விஷயத்துக்கு வருகிறேன், இதில் அவர்களிடமும் கட்டுப்பாடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெரிய இன்ஜெரா ஒன்றைத் தட்டு நிறைய விரித்து அதன்மேல் கறிகளைக் குவியல் குவியலாக வைப்பார்கள். கூடவே சுருட்டிவைத்த இன்ஜெராக்கள் தனியாக வரும். அதில் ஒரு துண்டு கிழித்து, அந்தத் துண்டாலேயே கறியை அமுக்கிப் பிடித்து எடுத்து அப்படியே வாயில் போட வேண்டும். விரலில் கறி படாமல், விரல் உதட்டில் படாமல் சாப்பிடுவதுதான் அங்கே மரியாதை, விரலை நக்கினால் முகம் சுளிப்பார்கள். எடுக்க வேண்டியது தன் முன்னால் இருப்பதை மட்டும், எதிர்ப்பக்கம் கை நீட்டக் கூடாது. வலது கைதான். சாப்பாட்டுக்கு முன்னால் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வைப்பதும் பழைய வழக்கம். இவ்வளவையும் பையனை விட்டு அத்தையிடம் விளக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஒப்பவில்லை என்றால் நகரித் தம்பி சொன்னபடி தனித்தட்டு.

ஊட்டிவிடுவதற்குக் குர்ஷா என்று பெயர். கவளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிரியம், திடீரென்று மறுத்தால் மனது வாடும். அதனால் அங்கே போய் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள், பையன் முந்தின நாளே போய், பாட்டி தன் கையால் மட்டுமே சாப்பிடுவார், அது அவருடைய நியமம் என்று சொல்லிவிடட்டும். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் விரதம் இருக்கும் ஜனங்கள் அவர்கள், நியமம் என்ற ஒரு சொல் போதும், மேலே கேட்கவே மாட்டார்கள். அத்தைக்கு வர வேண்டிய கவளத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், பதிலுக்கு அந்த அம்மாவுக்கும் ஒரு வாய் ஊட்டிவிடுங்கள்.

நான் உங்களை வற்புறுத்துவது காபிக்காக. காபிச் செடியின் பூர்வீகமே எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள், ஜிம்மா அந்தப் பக்கம்தான். பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி நம் கண் முன்னாலேயே வறுப்பார்கள். கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கும்போது வாணலியைப் புகையோடு தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பக்கமும் வருவார்கள், கையால் புகையை முகத்துக்கு விசிறிக்கொண்டு வாசனை நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்க வைத்து, பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பக்கத்தில் சாம்பிராணி புகையும், தின்பதற்குச் சோளப்பொரி இருக்கும். அதே பொடியில் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டு மூன்று சுற்று: அபொல், தோனா, பரக்கா. மூன்றாவது முடியும் முன் எழுந்திருப்பது அழகில்லை. ஆளுக்கொரு கிண்ணம், பால் கிடையாது, எச்சில் பேச்சே இல்லை. சாப்பாட்டில் அத்தை ஒதுங்கி இருந்தாலும் இங்கே அந்த அம்மாவுக்குச் சமமாக உட்கார்ந்து மூன்று சுற்றும் குடிக்கலாம், மனது நோகுமோ என்ற உங்கள் கவலை இதிலேயே தீர்ந்துவிடும். நேரம் பிடிக்கிற வேலை, எல்லாக் கடையிலும் தினமும் செய்யமாட்டார்கள், முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. செங்கோட்டைச் சகோதரி சொன்னது மனதில் பட்டது, இன்று மதியமே அத்தையிடம் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், தனித்தட்டு போட்டால் வருகிறேன், அந்தப் பெண்ணுக்கு ஜவுளிக்கடையில் நல்ல புடவையாக ஒன்று எடுத்து வை என்று சொன்னார். மாட்டிறைச்சி சமைக்கும் அடுப்பு என்பது அவருக்குச் சங்கடம்தான், ஆனால் பேரன் சாப்பிட்ட வீடு என்று ஏற்றுக்கொண்டார். இன்னொன்று கேட்கிறேன். அந்த இன்ஜெராவின் புளிப்பு அவருக்குப் பிடிக்குமா? அதற்கு வேண்டிய டெஃப் என்ற எத்தியோப்பியச் சிறுதானிய மாவு இங்கே கிடைக்கவில்லை, போவதற்கு முன் ஒருமுறை வீட்டில் செய்து பழக்கலாம் என்று பார்த்தேன்.

நகரி எல்லை:

கேழ்வரகில் செய்யுங்கள் அக்கா, உங்களுக்கு அட்டப்பாடி ராகியே கிடைக்குமே. கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் நம் பக்கம் வந்த தானியம்தான். ராகி மாவோடு கால் பங்கு கோதுமை மாவு சேர்த்துத் தண்ணீராகக் கரைத்து, உப்புப் போடாமல் மூடி இரண்டு நாள் புளிக்க விடுங்கள். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, கரைசலில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறியதும் திரும்பக் கலந்து கொஞ்ச நேரம் பொங்க விடுங்கள். இந்தக் கூழ்தான் பதம் தருவது, இதை விட்டால் மாவு விண்டுபோகும். தோசைபோலத் தேய்க்கக் கூடாது. கல்லின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஊற்றி, மேலே கண்கள் திறந்து வந்ததும் மூடிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், திருப்பிப் போட வேண்டாம், துணியில் எடுத்து ஆறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். டெஃப்பின் மென்மை வராது, புளிப்பு ஏறக்குறைய அதேதான். அத்தைக்குப் புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் அங்கே கடையில் சோறு இருக்கிறதா என்று பையனைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள், பல இடங்களில் தருகிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உங்களோடு வந்தால் சொல்லிவிடுங்கள், அமெரிக்காவில் நிறையக் கடைகளில் டெஃப்போடு கோதுமையோ வாற்கோதுமையோ கலந்துதான் ஊற்றுகிறார்கள்.