வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் இடித்துக் கட்ட இடம் தேடுவது எப்படி?

கொளத்தூர் மேஸ்திரி:
இதுவரை தனி வீடுகள் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி ஒரு கிரவுண்டு அளவில் பழைய வீடாகப் பார்த்து, ஓனரோடு ஜேவி (மனை அவருடையது, கட்டும் செலவு என்னுடையது, ஃபிளாட்டில் ஆளுக்குப் பங்கு) போட்டு ஃபிளாட் கட்டலாம் என்று இருக்கிறேன். மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுவதால் இந்தப் பக்கம் பார்க்கிறேன். புரோக்கர் காட்டுவதெல்லாம் பத்துப் பேர் பார்த்துக் கழித்த இடம். நல்லதை எப்படிப் பிடிப்பது?

ராயபுரத்தான்:
தம்பி, இடம் கண்ணில் படுவது இங்கே பெரிய காரியமில்லை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து, ஒரே வாசலில் நாலைந்து ஈபி பெட்டி தொங்கினால் உள்ளே குடித்தனமோ பங்காளிகளோ இருப்பார்கள். எந்தப் பங்காளி யாரோடு பேசுவதில்லை என்பது வரை முனை அயர்ன் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

நான் முதலில் கேட்பது, "மனை உங்களுதா, அடிமனையா?" கோயில் மனைக்கு மூன்று தலைமுறையாக வாடகை கட்டிக்கொண்டு, மேல் கட்டடத்தை மட்டும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. வீட்டு வரி, கரண்ட் எல்லாம் அவர்கள் பெயரில்தான் இருக்கும். மண் மட்டும் சாமியுடையது. அதில் யுடிஎஸ் (ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் மனையில் சேரும் பிரிபடாத பங்கு) பிரித்து விற்கப் போனால், கோயில் மனை விற்பனையைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டம் 22-ஏ குறுக்கே நிற்கும். வக்ஃபு இடத்துக்கும் இதே கதை. வரி ரசீதை நம்பாமல் டவுன் சர்வே பதிவேட்டு நகலை எடுங்கள்.

அப்புறம் வாரிசு. தாத்தா சுயமாக வாங்கிய வீடு, உயில் இல்லை, இந்துக் குடும்பம் என்றால் 1956 சட்டப்படியே பெண்களுக்கும் சம பங்கு. "தங்கச்சிக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு" என்பதெல்லாம் சார்பதிவாளரிடம் எடுபடாது. தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிப் பதியும் விடுதலைப் பத்திரம் வேண்டும்.

கணக்கையும் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2 முழுசாகக் கிடைத்தாலும் 4800. பாதி ஓனருக்கு என்றால், நாலு பங்காளிக்குத் தலைக்கு 600. அவர்கள் மனசில் இருப்பது ஆளுக்கு ஒரு டபுள் பெட்ரூம்!

பெரம்பூர் செயலாளர்:
தனி வீடு மட்டும் ஏன் சார்? 80களில் கட்டிய சின்ன ஃபிளாட்களையும் பாருங்கள். 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். ஆனால் எல்லாப் பத்திரத்திலும் உள்ள யுடிஎஸ்ஸைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் எட்டு வீட்டையும் கூட்டினால் மனையைவிட அதிகமாக வருகிறது! பேச வந்த பில்டர்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை, நாங்கள்தான் சொன்னோம்.

கொளத்தூர் மேஸ்திரி:
நன்றிண்ணே, நன்றி மேடம். காசிமேட்டில் ஒரு வீடு, பத்திரம் சுத்தம் என்கிறார்கள்.

ராயபுரத்தான்:
கடலிலிருந்து எவ்வளவு தூரம்? உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கட்டுவதற்குக் கடற்கரை மண்டல விதியின் கட்டுப்பாடு வரும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். சர்வே நம்பரைத் தனியாக அனுப்புங்கள்.