டயட்டை விட்டுவிட நினைக்கிறேன், ஆனால் சாப்பாட்டைக் கண்டாலே பயமாக இருக்கிறது

கேட்டவர்: மாலைநேரம்

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நாட்களிலிருந்தே ஏதாவது ஒரு டயட்டில்தான் இருக்கிறேன். மாவுச்சத்தை நிறுத்துவது, ஜூஸ் மட்டும் குடிப்பது, பகலில் பாதி நேரம் எதையும் தொடாமல் இருப்பது, ஆப்பில் கலோரி எழுதுவது என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் எடை குறையும், பார்க்கிறவர்கள் எல்லோரும் "நல்லா இளைச்சிட்டியே" என்பார்கள், அப்புறம் மெதுவாகத் திரும்பி வந்து முன்பு இருந்ததற்கும் மேலே போய் நிற்கும். இப்போது எனக்கு 36 வயது.

பகலில் கட்டுப்பாடாக இருந்துவிடுவேன். காலையில் காபி மட்டும், மதியம் ஒரு கிண்ணம் சாலட். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே சாப்பிடுகிறேன். பசி என்று சொல்ல முடியாது, ருசியும் தெரிவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் அடியில் கிடக்கும் தூள் வரைக்கும் போய்விடும். காலி கவரைக் குப்பைத்தொட்டியில் மற்ற குப்பைக்கு அடியில் தள்ளி வைப்பேன். காலையில் எடை மெஷினில் ஏறுவேன், எண்ணைப் பார்ப்பேன், அன்றைக்கு இன்னும் குறைவாகச் சாப்பிடுவேன்.

போன வாரம் என் மகள் (எட்டு வயது) தட்டைப் பார்த்துவிட்டு "இதுல எத்தனை கலோரிம்மா?" என்று கேட்டாள். இது போதும், இனி இப்படி வேண்டாம் என்று தோன்றியது.

ஆனால் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் நிறுத்தவே முடியாமல் சாப்பிட்டுக்கொண்டே போய்விடுவேனோ என்று பயம். எங்கிருந்து தொடங்குவது? தயவுசெய்து "உன் உடம்பை நேசி" என்று மட்டும் எழுதாதீர்கள். கண்ணாடியில் கழுத்துக்குக் கீழே பார்க்கவே என்னால் முடியவில்லை.

தூரத்துமேகம்

தோழி, நீங்கள் எழுதியதில் "பசி என்று சொல்ல முடியாது" என்ற ஒரு வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காபியும் சாலட்டும் மட்டும் உள்ளே போன உடம்பு ராத்திரி பத்து மணிக்குப் பசியோடுதான் இருக்கும். வயிறு இரைந்தால்தான் பசி என்றில்லை. சாப்பாட்டு நினைப்பாகவே இருப்பது, எரிச்சல், கவனம் சிதறுவது, காரணமில்லாமல் குளிர்வது எல்லாமே பசிதான், பல வருஷம் அடக்கி வைத்தவர்களுக்கு இரைச்சல் கடைசியாகத்தான் திரும்பி வரும்.

இதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில், 1944-45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுத்து மீட்பது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அவர்களுக்குக் கொடுத்தது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. கவனியுங்கள், இன்றைக்கு நிறைய டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன. அதற்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக நினைத்தே பார்க்காத அந்த ஆண்கள் சமையல் குறிப்பு சேகரிக்கத் தொடங்கினார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்து மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், சோர்ந்து, எரிந்து விழுந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்காமல் சாப்பிட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு மன உறுதி இல்லையென்றா சொல்வோம்? மூச்சை அடக்கி வைத்திருந்தவன் விட்டதும் வேகமாக மூச்சு வாங்கினால் அவனைக் காற்றுக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

அதனால் ராத்திரியை விட்டுவிடுங்கள், பகலைப் பாருங்கள். ராத்திரி சாப்பிடுவதை நிறுத்துவது எப்படி என்று யோசிக்கவே வேண்டாம், காலையில் ஒழுங்காகச் சாப்பிடுவது எப்படி என்று மட்டும் யோசியுங்கள். அளவு மீறி உண்ணும் பிரச்சினைக்குத் தரும் மனநலச் சிகிச்சையில் முதல் படியே இதுதான்: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று தடவை ஏதாவது, இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் இப்போதைக்கு உங்கள் பசியின் கணக்கை நம்ப முடியாது. முக்கியமாக, முந்தின ராத்திரி என்ன ஆகியிருந்தாலும் மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கவே கூடாது. கஷ்டமான இடம் அதுதான்.

இன்னொன்று. "ஆனது ஆச்சு, இனி நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், ஒரு பிஸ்கட் சாப்பிட்டதும்? 1975-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை முன்னால் வைத்து இஷ்டம் போல் சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக்கினால் வயிறு நிறைந்து குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களோ, அது உள்ளே போன பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விதி உடைந்ததுதான் அவர்களைச் சாப்பிட வைத்தது. விதியே இல்லையென்றால் உடைவதற்கு ஒன்றும் இல்லை.

நேர்கோடு

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து ஒன்று. இப்படி "விதியே வேண்டாம்" என்று சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. எங்கள் வீட்டில் சர்க்கரை நோய் தலைமுறையாக இருக்கிறது. அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்கள் எடையில் சுமார் 7 சதவீதம் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி செய்யவும் இலக்கு வைத்தபோது நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இதையெல்லாம் டயட் கலாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியுமா? சகோதரியைக் குறை சொல்லவில்லை, உண்மையிலேயே கேட்கிறேன்.

பச்சையம்

மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். நேர்கோடு சொன்ன ஆய்வு உண்மை, அதை நானும் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. எடை குறைந்தால் சிலருக்கு ரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் குறையும், அதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருந்து வழிகாட்ட ஒரு பயிற்சியாளர் இருந்தார். நம் தோழிக்கு இருப்பது இருட்டில் நின்றுகொண்டு சாப்பிடும் ராத்திரிகள். இந்தச் சுழற்சிக்கு மேலே இன்னொரு கட்டுப்பாட்டை வைத்தால் அவர் அடுத்த மாதமும் அதே சமையலறையில்தான் நிற்பார். முதலில் சாப்பாடு ஒழுங்குக்கு வரட்டும், எடையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வேளை தவறாமல் சாப்பிடுவதுதான் நல்லது, இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடை, தூக்கம் இரண்டும் எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் உடம்புக்கு வேலை செய்யும்.

எடை ஏன் திரும்புகிறது என்பதைத் தோழி தெரிந்துகொண்டால் தன்னைத் திட்டிக்கொள்வதையாவது நிறுத்துவார். முதல் வாரம் குறைவதில் பெரும்பகுதி நீர், கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது அதோடு பிடித்து வைத்திருந்த நீரும் போய்விடுகிறது. அதற்கு மேல் குறைய ஆரம்பித்தால் உடம்பு எதிர்த்து நிற்கும். 2011-இல் வந்த ஒரு ஆய்வில் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுதலாகவும் போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைவாகவும் இருந்தது. தொலைக்காட்சி எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தபோது, ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது எதிர்பார்த்ததைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவு (2016-இல் வெளியானது). எடை திரும்பியதற்கு அவர்களைச் சோம்பேறி என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்.

தோழிக்கு ஒரு முக்கியமான விஷயம். நிறுத்த முடியாமல் அதிகமாகச் சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதமாக நடந்தால் அது மருத்துவம் அங்கீகரித்த ஒரு பிரச்சினை, 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. பேச்சுச் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். உளவியலாளரிடம் போவதற்குத் தயங்காதீர்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, மயக்கம், மாதவிடாய் நின்று போவது இதில் ஏதாவது இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்கள். வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

அதிகாலைஓட்டம்

ஆண்களுக்கும் இது உண்டு என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு எடை பிரச்சினை இல்லை, "சுத்தமாகச் சாப்பிட வேண்டும்" என்பதுதான் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டுக்குக்கூடக் கோழிக்கறியை அளந்து டப்பாவில் எடுத்துக்கொண்டு போன ஆள் நான். உடம்பு கட்டாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டியதால் அது ஒரு நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி பற்றி அக்கா கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன். நேசிக்க வேண்டியதில்லை, நீங்கள் சொன்னது சரி. எனக்கு உதவியது அலமாரிதான். "இளைத்ததும் போடலாம்" என்று வைத்திருந்த பேன்ட் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு இருக்கிற இடுப்புக்குச் சரியாக இருக்கும் இரண்டு பேன்ட் வாங்கினேன். இறுக்கமான பேன்ட் உட்காரும்போதும் எழும்போதும் வயிற்றை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும், அது இல்லாமல் போனாலே பாதி நாள் உடம்பு நினைப்பு வராது. அப்புறம் இடுப்புச் சதையைக் கிள்ளிப் பார்ப்பது, கடந்து போகும் கண்ணாடியில் எல்லாம் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பது, இவற்றைக் குறைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் குறை பெரிதாகத் தெரிகிறது. போனில் "ஆறே வாரத்தில்" என்று உடம்பைக் காட்டும் பக்கங்களை எல்லாம் நீக்கினேன், அதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

மாலைநேரம்

எல்லோருக்கும் நன்றி, மின்னசோட்டா பதிவைக் கணவரிடமும் படித்துக் காட்டினேன். வாந்தி, மயக்கம் எதுவும் இல்லை. காலைச் சாப்பாடு தொடங்கியிருக்கிறேன், முழுங்கும்போதே பயம் வருகிறது, ஆனால் சாப்பிடுகிறேன். ராத்திரி இன்னும் நிற்கவில்லை.

இரண்டு கேள்வி. எடை கூடினால் என்ன செய்வது? மகளிடம் கலோரி பற்றி என்ன பதில் சொல்வது? அம்மா வேறு வீட்டுக்கு வந்தால் முதல் பேச்சே "என்னடி, குண்டாயிட்ட" என்பதுதான், அவள் எதிரிலேயே.

பச்சையம்

ஆரம்பத்தில் கொஞ்சம் கூடலாம். கூடாது என்று பொய் சொல்ல மாட்டேன். சிலருக்குக் கூடும், சிலருக்கு அப்படியே நிற்கும், ராத்திரி சாப்பிடுவது குறைந்ததும் சிலருக்கு இறங்கும், முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. எடை மெஷினை இப்போதைக்கு வீட்டில் யாரிடமாவது கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உப்பு, தண்ணீர், மாதவிடாய் நாட்கள் இவற்றாலேயே ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி இறங்கும், அந்த எண்ணை வைத்துக் காலைச் சாப்பாட்டைத் தீர்மானிப்பதில் அர்த்தமே இல்லை. டாக்டரிடம் போனால் மெஷினில் திரும்பி நின்று, "எண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. கலோரி ஆப்புக்குப் பதிலாக ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எங்கே, அப்போது மனசு எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள், எண் எதுவும் வேண்டாம். உளவியலாளரைப் பார்க்கும்போது அந்த நோட்டையே எடுத்துப் போகலாம்.

மகளிடம் பெரிய விளக்கம் தேவையில்லை. "அது பெரியவங்க கணக்கு, நம்ம வீட்டுல இனிமே அதைப் பார்க்கறது இல்ல. உனக்குப் போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டால் போதும். நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்ற பேச்சை வீட்டில் எடுத்துவிடுங்கள். இனிப்பைப் பரிசாகவும் கொடுக்காதீர்கள், தண்டனையாகவும் பிடுங்காதீர்கள். முடிந்தால் ஒரு வேளையாவது அவளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், நீங்கள் தனியாகச் சாலட் கிண்ணத்தோடு உட்காருவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள், அந்த வயதில் அன்பைக் காட்டுவதே அப்படித்தான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வருவதற்கு முந்தின நாளே போன் செய்து, "அம்மா, குழந்தை எதிர்ல என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க, அவளுக்கும் அது மனசுல பதியுது" என்று சொல்லிவிடுங்கள். பேத்தி பெயரைச் சொன்னால் கேட்பார்கள். அப்படியும் சொன்னால் "சரிம்மா, வாங்க சாப்பிடலாம்" என்று எழுந்துவிடுங்கள்.