'ப்ரோலெக்' என்பதற்குப் 'பற்றுக்கால்'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அந்துப்பூச்சிப் புழுவின் வயிற்றடியில் தடித்த குமிழ்போல் இருக்கும் சதைக்கால்களை ஆங்கிலத்தில் 'ப்ரோலெக்' (proleg) என்பர். அதற்குப் 'போலிக்கால்' என்ற சொல்லை நம் கலைச்சொல் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமீபா நீட்டிச் சுருக்கும் உறுப்புக்குப் பாடநூல்கள் அந்தப் பெயரை எப்போதோ கொடுத்துவிட்டன. 'ப்ரோ' என்பதை 'முன்' என்று கொண்டு 'முன்கால்' என்பதும் ஒத்துவராது; இவை இருப்பதோ பின்னுடலில்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இவற்றில் எது போலி? ஆமணக்கு இலையில் மேயும் காவடிப்புழுவைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். மார்பிலுள்ள மூன்று இணைக் கால்கள் சட்டென்று விட்டுவிடும். சதைக்கால்கள் விடவே விடா. இலையும் கூடவே வளைந்து வரும். உருப்பெருக்கியில் பார்த்தால் பாதத்தின் ஓரத்தில் பழுப்பு நிறக் கொக்கிகள் அரிவாள்போல் வளைந்து வரிசைகட்டி நிற்கும். இத்தனை உறுதியாகப் பிடிக்கும் காலைப் போலி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 'பற்றுக்கால்' என்கிறேன். தாவரவியலில் பற்றுவேர், பற்றுக்கம்பி என்று ஏற்கெனவே புழங்குகிறோம். அதே குடும்பத்தில் இதுவும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

சொல்லை ஒரு பாடத்தில் வைத்துச் சோதித்தேன். பெரும்பாலான அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு ஐந்து இணைப் பற்றுக்கால்கள்: வயிற்றின் 3 முதல் 6 வரையுள்ள கண்டங்களில் (உடற்பகுதிகளில்) நான்கு இணை, 10ஆம் கண்டத்தில் ஓர் இணை. காவடிப்புழுவுக்கு முதல் இணை சிறுத்துவிட்டதால் அந்த இடத்தில் பிடிமானம் குறைவு. பின்னுடலை முன்னே இழுக்கும்போது முதுகு காவடியாக வளைகிறது. (உழவர்கள் வைத்த இந்தப் பெயருக்கு ஈடாக நம் கலைச்சொல் பட்டியலில் எத்தனை சொற்கள் இருக்கின்றன?) ஜியோமெட்ரிட் என்ற அந்துப்பூச்சிக் குடும்பத்துப் புழுக்களுக்கோ 6, 10ஆம் கண்டங்களில் மட்டும், ஆக இரண்டே இணை, வளைவும் முழு வளையமாகிவிடுகிறது. பற்றுக்கால் குறையக் குறைய வளைவு கூடும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். 'போலிக்கால் குறைய' என்று எழுதினால் மாணவருக்குக் காரணம் புரியாது.

ரம்பப்பூச்சிப் (sawfly) புழுவின் சதைக்கால்களில் கொக்கி இல்லையே என்று குழுவிலுள்ள அம்மா ஒருவர் கேட்டிருந்தார். கொக்கி இல்லாவிட்டாலும் அவையும் இலையைப் பற்றத்தானே செய்கின்றன? சொல் செயலைக் குறிப்பதால் அங்கும் பொருந்தும்.

கொக்கிகளுக்கு முதலில் 'பற்றூசி' என்று எழுதி வைத்திருந்தேன். ஊசி குத்துவது, இவை வளைந்து பிடிப்பவை. அடித்துவிட்டு 'பற்றுக்கொக்கி' என்று மாற்றியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்