புது கோல்ஃப் அயர்ன் செட் எடுத்த கதைகள்: நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஏழாம் நம்பர்

போன மாதம் கோல்ஃப் ஆடப் புது அயர்ன் செட் (இரும்புத் தலை கிளப்புகள்) ஒன்று எடுத்தேன். வாங்கிய கதையைவிட, முதல் நாள் வாங்காமல் தப்பித்த கதைதான் பெரிது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன். இதே பாதையில் போய் அடிபட்டவர்கள் உங்கள் கதையையும் போடுங்கள்.

என் ஹேண்டிகேப் 17 (இந்த எண் குறையக் குறைய ஆட்டம் நல்லது). வாரத்துக்கு ஒரு ரவுண்டு, நேரம் கிடைத்தால் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) ஒரு கூடை பந்து, அவ்வளவுதான். பழைய செட்டில் ஏழாம் நம்பர் அயர்ன் 140 யார்டு போகும். நன்றாகப் பட்டால். படாத நாளில் 120-லும் நிற்கும், பங்கர் மணலுக்குள்ளும் நிற்கும்.

முதலில் போன இடத்தில் அடியை அளந்து காட்டும் திரைக்கு முன்னால் நிறுத்தி ஒரு புது ஏழாம் நம்பரைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது அடியில் 158. எனக்குத் தலைகால் புரியவில்லை. பணத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டேன். பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பெரியவர், "தம்பி, அந்த ஏழுல லாஃப்ட் எத்தனை டிகிரின்னு ஒரு வார்த்தை கேளு" என்றார். லாஃப்ட் என்பது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்; அது குறைந்தால் பந்து தாழ்வாகக் கிளம்பித் தூரம் போகும். கேட்டேன். 28 டிகிரி. என் பழைய ஏழாம் நம்பர் 34. பழைய ஐந்தாம் நம்பர்தான் 27. ஆக, நான் அவ்வளவு சந்தோஷமாக அடித்துக்கொண்டிருந்தது என் பழைய ஐந்தாம் நம்பரின் தம்பியை. அடியில் பொறித்திருந்த எண் மட்டும்தான் ஏழு.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். இப்போது வரும் தலைகளில் எடையைக் கீழே இறக்கி வைக்கிறார்கள். அதனால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்புகிறது. அதைச் சரிக்கட்ட லாஃப்டைக் குறைக்கிறார்கள், தூரம் கூடுகிறது. சிலருக்கு இது வரப்பிரசாதம். எனக்கு அப்படி இல்லை என்பதையும் அந்தப் பெரியவர்தான் காட்டினார். "158-ஐ விடு. கீழ்வரிசையில ரெண்டு எண் இருக்கு பாரு" என்றார். சுழற்சி நிமிடத்துக்கு 4,300. பந்து தரையிறங்கிய கோணம் 38 டிகிரி. அடியை அளக்கும் கருவி செய்யும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்ட பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள்) சராசரியில் ஏழாம் நம்பருக்குச் சுழற்சி ஏறத்தாழ 7,000, இறங்கும் கோணம் 50. நமக்கு அந்த வேகம் வராது, சரி. ஆனாலும் 45 பக்கமாவது இறங்காத பந்து குழியைச் சுற்றியுள்ள கிரீனில் விழுந்தாலும் நிற்காது; உருண்டு பின்பக்கம் போய்விடும். 158 யார்டு போய், நிற்காத பந்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஃபிட்டர் (ஆளுக்கேற்றபடி கிளப் பொருத்தித் தருபவர்) திரையை முதலில் போடவே இல்லை. என் பழைய ஏழாம் நம்பரை வாங்கி, அதன் முகத்தில் வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடித்து, "பத்துப் பந்து அடிங்க" என்றார். ஒவ்வொரு அடிக்கும் பந்து பட்ட இடத்தில் பவுடர் வட்டமாகக் கலைந்தது. பெரும்பாலும் நடுவில்தான் அடிக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. பார்த்தால் பத்தில் ஆறு வட்டம் டோ (தலையின் வெளிமுனை) பக்கம் ஒரு விரற்கடை தள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக அப்பியிருந்தது. ஒன்று கடைசிக் கோட்டுக்கும் கீழே, கிட்டத்தட்ட விளிம்பில்.

"நல்லாப் பட்டது எந்தக் கிளப்லயும் நல்லாத்தான் போகும் சார். சரியாப் படாதது எங்க விழுதுன்னு பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகுதான் திரை. மூன்று விதத் தலை கொடுத்தார். தடித்த சோல் (அடிப்பாகம்) உள்ள பெரிய தலை, பின்புறம் குடைந்த நடுத்தரக் கேவிட்டி, குடையாத மெல்லிய பிளேடு ஒன்று. ஒவ்வொன்றிலும் நல்ல அடியை ஒதுக்கிவிட்டு, மோசமான நாலு அடியை மட்டும் குறித்துக்கொண்டார். பிளேடில் டோ பக்கம் பட்டபோது 20 யார்டு குறைந்தது. நடுத்தரக் கேவிட்டியில் 9. பெரிய தலையில் அதைவிடக் குறைவுதான், ஆனால் பழைய வியாதி: நல்ல அடி கிரீனைத் தாண்டி ஓடியது.

கடைசியில் எடுத்தது 32 டிகிரி ஏழாம் நம்பர் உள்ள நடுத்தரக் கேவிட்டி. 146 யார்டு, இறங்கும் கோணம் 46. பழைய செட்டைவிட ஆறு யார்டுதான் கூடுதல். நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒன்று மட்டும்: நீங்கள் ஆடும் பந்தையே கையோடு எடுத்துப் போங்கள். ரேஞ்ச் பந்தில் அளந்த எண் வேறு கதை சொல்லும்.

மணற்குழி மன்னன்

பிளேடு என்றதும் பழைய காயம் வலிக்கிறது. நான் அதை வாங்கியே விட்டவன்.

காரணம் கேட்டால் வெட்கம்தான். அழகு. பந்துக்குப் பின்னால் வைத்துக் குனிந்து பார்த்தால் மேல்விளிம்பு கத்தி முனைபோல மெல்லிசாகத் தெரியும். ஆஃப்செட் (முகம் தண்டைவிடச் சற்றுப் பின்வாங்கி இருப்பது) கிடையாது, குண்டுத் தலை கிடையாது. ஹேண்டிகேப் 14-ல் இருந்தேன். "நல்ல கிளப் கையில் இருந்தால் ஆட்டமும் தானாகத் திருந்தும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் அதைத் துடைத்துத் துடைத்து வைத்த நேரத்துக்கு நாலு பாடம் எடுத்திருக்கலாம்.

செயற்கைப் புல் மேட் மேல் அடித்துப் பார்த்து வாங்கியதுதான் முதல் பிழை. மேட் பொய் சொல்லும். பந்துக்கு முன்னால் தரையில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய் நன்றாகவே அடித்துவிடும். புல்லில் இறங்கினேன். குறுகிய சோல், சோல் மண்ணில் புதையாமல் காக்கும் பவுன்ஸும் குறைவு, என் ஸ்விங்கோ மேலிருந்து கொத்துகிற ரகம். மண்வெட்டிதான். பந்தைவிட டிவட் (பெயர்ந்த புல்கட்டி) தூரம் போன நாளும் உண்டு. குளிர் காலையில் டோவில் பட்டால் விரலிலிருந்து முழங்கை வரை 'விர்ர்' என்று ஏறும்.

கூட ஆடிய ஒருவர், வயதில் இளையவர், ஹேண்டிகேப் 4. அவர் பையில் கேவிட்டி பேக். "நீங்களே பிளேடு வைக்கலையா?" என்றேன். "எதுக்கு சார் வேணும்னே கஷ்டப்படணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1960-களிலேயே கண்டுகொண்ட விஷயம் இது. தலையின் பின்நடுவில் இருக்கும் எடையைத் தோண்டி எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோனால், ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திருகாது. அவர் தொடங்கிய பிங் நிறுவனம் 1982-ல் ஐ 2 அயர்னை இறக்கியபோது அதன் தோற்றத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு அவர்களில் பலரும் அதைத்தான் வாங்கினார்கள். நானும் இரண்டு வருடம் முகம் சுளித்துவிட்டுத்தான் மாறினேன்.

பிளேடை விற்கவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிற சாயங்காலத்தில் இரண்டு பந்து அடித்துவிட்டு உள்ளே வைத்துவிடுவேன்.

கட்டையன்

தலையைப் பற்றியே பேசுகிறீர்களே, லை ஆங்கிளைப் (தண்டு தரையோடு சேரும் கோணம்) பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். வலக்கைக்காரன். எந்த அயர்ன் எடுத்தாலும் பந்து இடப்பக்கம்தான் போகும். ஆறு மாதம் பாடம் எடுத்தேன். பிடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். தோளை மூடாதே என்றார்கள், மூடவில்லை. பந்து இடப்பக்கம். கடைசியில் கொடியைவிட்டுப் பத்தடி வலப்பக்கம் குறிவைத்து நிற்கப் பழகிவிட்டேன். நேராகப் போன அன்று அது வலப்பக்கப் புதருக்குள் போனது.

ஒருநாள் ரேஞ்சில் கிளப் பழுதுபார்க்கும் ஒருவர் என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மார்க்கர் பேனாவோடு வந்து பந்தின் மேல் தடிமனாக ஒரு கோடு போட்டார். கோடு செங்குத்தாக, கிளப்பின் முகத்தைப் பார்த்து இருக்கும்படி பந்தை வைத்தார். "அடிங்க." அடித்தேன். முகத்தில் அந்தக் கோடு மை அச்சாகப் பதிந்திருந்தது. நேராக நிற்க வேண்டிய கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்து கிடந்தது. அடிக்கிற நொடியில் டோ மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, என் உயரத்துக்குக் கிளப் ரொம்ப நிமிர்ந்து இருக்கிறது என்று விளக்கினார். டோ தூக்கினால் முகம் இடப்பக்கம் பார்க்கும். லாஃப்ட் அதிகமான கிளப்பில் இது இன்னும் மோசம். அதனால்தான் என் வெட்ஜ் எல்லாவற்றையும்விட அதிகமாக இழுத்தது.

இரும்புப் பிடியில் மாட்டி, நெம்புகோலால் ஒவ்வொன்றாக இரண்டு டிகிரி படுக்க வைத்தார். என்னுடையது மென் எஃகில் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு தலை, சொன்னபடி வளைந்தது. எஃகை உருக்கி வார்த்த தலையாக இருந்தால் அவ்வளவு சுலபம் இல்லையாம், சிலதைத் தொடவே மாட்டேன் என்றார்.

ஆறு மாதப் பாடத்தில் தீராதது முக்கால் மணி நேரத்தில் தீர்ந்தது. வலப்பக்கம் குறிவைக்கும் பழக்கத்தை விடத்தான் அப்புறம் ரொம்ப நாள் ஆனது.

ஓய்வுக்காலம்

எனக்கு 67. ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) கதை என்னுடையது.

இருபது வருடமாக 130 கிராம் எஃகு ஷாஃப்ட், ஸ்டிஃப் (விறைப்பு ரகம்). ஒன்பது குழி தாண்டினால் முழங்கையில் ஊசி குத்தும். கிராஃபைட்டுக்கு மாறுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதன்மேல் 'சீனியர்' என்று எழுதியிருந்ததால் கையால் தொட மாட்டேன் என்று இருந்தேன். அசட்டு வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஃபிட்டர் கெட்டிக்காரர். ஐந்து ஷாஃப்ட் எடுத்து, எழுத்து தெரியாதபடி எல்லாவற்றையும் கருப்பு டேப்பால் சுற்றிவிட்டார். தலை ஒன்றே, ஷாஃப்டை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். மூன்றாவதை அடித்ததும், "இதுதான், இதைவிட நல்லது இருக்க முடியாது" என்றேன். டேப்பைப் பிரித்தார். 65 கிராம் கிராஃபைட். அந்த எழுத்தும் இருந்தது. ஒரு கம்பெனியின் 'ரெகுலர்' இன்னொரு கம்பெனியின் 'ஸ்டிஃப்' போல இருக்கும், இதற்குப் பொது அளவுகோல் ஒன்றும் இல்லை என்று ஆறுதலாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர் இரண்டையும் கழற்றிவிட்டு அடிக்கச் சுலபமான ஹைப்ரிட் கிளப் வைத்துக்கொண்டேன். 18 குழி முடித்துவிட்டுக் கார் கதவை அதே கையால் திறக்கிறேன்.

இடக்கை

உங்களுக்கெல்லாம் மூன்று தலை, ஐந்து ஷாஃப்ட் வைத்துச் சோதிக்கிற வசதி. இடக்கைக்காரனுக்கு இருக்கிற ஒரே சோதனைக் கிளப்பை நீட்டி, "பிடிச்சிருக்கா?" என்பார்கள். பிடித்திருந்தது. அவ்வளவுதான் என் கதை.

நூறு யார்டு

ஏழாம் நம்பர் அண்ணா சொன்ன 28 டிகிரி செட்டை வாங்கி ஒரு வருடம் ஆடியவன் நான். அதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. ஏழாம் நம்பரின் லாஃப்டைக் குறைத்தால் கீழே இருக்கும் எல்லாமும் சேர்ந்து குறையும். அந்தச் செட்டில் கிட்டத்து அடிக்கான பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி. பையில் இருந்த என் பழைய சாண்ட் வெட்ஜ் 56. நடுவே 13 டிகிரிக்கு வெட்டவெளி. பிட்சிங் வெட்ஜ் முழுசாக அடித்தால் 125, சாண்ட் வெட்ஜ் 80. கொடி எப்போதும் நூறு யார்டில்தான் வந்து நிற்கும். எப்படித்தான் தெரியுமோ!

அரை ஸ்விங், முக்கால் ஸ்விங் என்று ஒரு சீசன் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் 49 டிகிரி ஒன்று தனியாக வாங்கினேன். பையில் ஏற்கெனவே 14 கிளப். விதிப்படி அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது. மூன்றாம் நம்பர் அயர்ன் வெளியே போனது. அதை நான் கடைசியாக எப்போது ஒழுங்காக அடித்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஒரே நீளம்

அமெரிக்க வீரர் பிரைசன் டிஷாம்போ எல்லா அயர்னும் ஒரே நீளத்தில் வைத்து 2020 யு.எஸ். ஓப்பன் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு நானும் அதே ரகச் செட் எடுத்தேன். ஒரே நிற்கும் முறை, ஒரே பந்து இடம், கேட்க எவ்வளவு சுகம்! எட்டு, ஒன்பது நம்பர்கள் உண்மையிலேயே அருமையாக வந்தன. ஐந்தாம் நம்பர்தான் மேலே எழும்பவே இல்லை. அவர் சுழற்றும் வேகத்தில் குட்டை ஷாஃப்ட்டும் பந்தைத் தூக்கும், என் வேகத்தில் தூக்காது. நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் இன்றும் அதில்தான் என்னை ஜெயிக்கிறார்.

ஏழாம் நம்பர்

நூறு யார்டு தம்பி எழுதியதைப் படித்ததும் பையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். புதுச் செட்டில் பிட்சிங் வெட்ஜ் 45, பழைய வெட்ஜுகள் 50, 56. தப்பித்தேன்.

அப்புறம் அந்தப் பெரியவரைப் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்த்தேன். ஆறாவது குழியில் எங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். அவர் எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றபோது அவர் பையை எட்டிப் பார்த்தேன். அயர்ன் ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணை மறைத்து வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவில் டிகிரியை எழுதி வைத்திருந்தார். 31, 35, 39, 43. "வாங்கிட்டியா?" என்றார். வாங்கிவிட்டேன் என்றேன். என் ஏழாம் நம்பரை உருவி, கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "32 இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார்.