ஜப்பானிய மொழி: தொரிகேஷியா, கியான்செருவா?

ஏப்ரலில் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்தேன். சப்ளையர்களுக்கு ஜப்பானிய மொழியில் மெயில் எழுதுவது என் பொறுப்பு. நாட்டுச் சொல், ஆங்கிலக் கடன்சொல் இரண்டும் இருக்கும் இடங்களில் தடுமாறுகிறேன்.

சோறு பிடிபட்டுவிட்டது. கிண்ணத்தில் வந்தால் கோஹான், மேல்நாட்டுச் சாப்பாட்டோடு தட்டில் வந்தால் ரைசு. 'ரத்து'தான் படுத்துகிறது. ஹோட்டல் முன்பதிவுக்குக் கியான்செரு (ஆங்கில 'கேன்சல்'), ஓட்டுநர் உரிமம் பறிபோனால் நாட்டுச் சொல்லான தொரிகேஷி. அதில் குழப்பமில்லை. ஆனால் கொடுத்த ஆர்டரை ரத்து செய்யும்போது இரண்டையுமே எழுதுகிறார்கள்.

அகராதியில் ஒன்றுக்கு மற்றதையே பொருளாகப் போட்டிருக்கிறது. அலுவலகத்தின் பழைய மெயில்களிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால், "எதுவானாலும் புரியும்" என்கிறார். புரிந்தால் மட்டும் எனக்குப் போதாது, மரியாதையாகவும் இருக்க வேண்டும்.

ஜப்பானில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: ஆர்டரை ரத்து செய்து சப்ளையருக்கு எழுதும் மெயிலில் நீங்கள் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்?