லாரி டியூப்பில் தாமிரபரணி, மறுநாள் ஊசிக்கோபுரம்

ஆற்றில் தப்பிப் பிழைத்த கதைகளை இங்கே ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்ததால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. கல்லூரித் தோழர்கள் நான்கு பேர் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேர் சென்னை, ஒருவன் பெங்களூர், ஒருத்தி கோயம்புத்தூர். வெள்ளிக்கிழமை சாப்பாட்டிலும் பேச்சிலும் போய்விட்டது. சனிக்கிழமை ஆற்றில் டியூப் மிதப்பது என்று முடிவு.

சின்ன வயதில் லாரி டியூப்பில் படுத்துக்கொண்டு ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறைக்கு மிதந்து போவோம். இப்போது டியூப்லெஸ் டயர் வந்தபிறகு நல்ல டியூப் கிடைப்பதே பாடு. மூன்று பஞ்சர் கடை ஏறி இறங்கித்தான் ஐந்து சேர்ந்தது. காற்றை முக்கால் அளவுக்குத்தான் அடிக்க வேண்டும். வெயில் ஏறினால் உள்ளே காற்று விரிந்து டியூப் விறைத்துக்கொள்ளும். வால்வுக் கம்பி இடுப்பைக் கிழித்துவிடும் என்பதால் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஐந்து டியூப்பையும் நைலான் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டக் கூடாது என்பது தெரியாது.

சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் படித்துறையில் இறங்கினோம். காலை எட்டு மணி. பாபநாசம் அணையிலிருந்து கார் நெல் சாகுபடிக்குத் திறந்த தண்ணீர், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. இரண்டு கரையிலும் மருத மரம், நாணல். பொதிகை மலைப் பக்கமிருந்து சாரல் காற்று. முதல் அரை மணி நேரத்தை நான் எப்படி எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும். முதுகுக்குக் கீழே ஆறு நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம். நீர்க்காகம் பாறையில் சிறகை விரித்து உட்கார்ந்திருக்கும், நாம் பக்கத்தில் போனாலும் அசையாது. கோயம்புத்தூர்த் தோழிக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் அவளை நடுவில் விட்டுக் கயிறு கட்டியிருந்தோம்.

ஒரு வளைவில் பெரிய மரம் ஒன்று ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. கிளைகளில் அமலைச்செடியும், யாரோ ஆற்றில் விட்ட பழந்துணிகளும் சிக்கியிருந்தன. முன்னால் போன இரண்டு டியூப் கிளைக்கு இந்தப் பக்கமாகப் போய்விட்டது. பின்னால் வந்த இரண்டு அந்தப் பக்கம். நடுவில் இருந்தவள் நேராகக் கிளையில் போய் மோதினாள். இரண்டு பக்கமும் கயிறு இழுக்க, டியூப் ஒருக்களித்துக் கவிழ்ந்தது. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே வடிந்து ஓடிவிடும், ஆள் ஓட முடியாது. பின்னால் வரும் தண்ணீரெல்லாம் ஆளைக் கிளையோடு வைத்து அமுக்கும். அவள் தலை மட்டும் வெளியே தெரிந்தது. நாங்கள் கயிற்றை இழுக்க இழுக்க அவளுக்கு இன்னும் இறுகியது.

கரையோரம் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சிதான் கத்தினார். "கயித்த விடுங்கய்யா! இழுக்காதிய! மொதல்ல விடுங்க!" வலையை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். நேராக அவளிடம் நீந்தவில்லை. கொஞ்ச தூரம் மேலே ஓடிப்போய் இறங்கி, தண்ணீரோடு சாய்ந்து வந்து மரத்தின் அடியைப் பிடித்தார். மடியில் இருந்த கத்தியால் கயிற்றை அறுத்தார். "எம்மா, கிளைய விட்டுட்டு என் தோளப் பிடி. ஒண்ணுமில்ல, கால் எட்டும்" என்றார். கால் எட்டவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

கரையில் உட்கார்ந்து எல்லாருக்கும் நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் திட்டவில்லை. பணம் நீட்டியபோதுதான் முகம் மாறியது. கடைசியில், "அந்தக் கயித்த மட்டும் இங்கன போட்டுட்டுப் போங்க, ஆட்டுக்கு ஆவும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. நான் கோயிலுக்கு, அதாவது எங்கள் சர்ச்சுக்கு, புறப்பட்டபோது அவளும் வருகிறேன் என்றாள். அவள் வீட்டில் எல்லாரும் முருகன் பக்தர்கள். நான் கூப்பிடவேயில்லை. ஐந்து பேருமாகப் போனோம்.

முருகன்குறிச்சியில் இருக்கும் தூய திரித்துவப் பேராலயத்தை இங்கே யாரும் அந்தப் பெயரால் சொல்ல மாட்டார்கள், ஊசிக்கோபுரம்தான். ரேனியஸ் ஐயர் (பாதிரியாரை இங்கே ஐயர் என்போம்) கட்டி 1826-இல் பிரதிஷ்டை ஆனது. ஜெர்மனிப் பக்கத்திலிருந்து வந்து, தமிழுக்கு ஆங்கிலத்தில் ஒரு இலக்கணமும், தமிழில் 'பூமி சாஸ்திரம்' என்ற நூலும் எழுதி, 1838-இல் இந்த ஊரிலேயே மண்ணுக்குள் போனவர். அதற்கும் முந்தியது பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான கிளாரிந்தா அம்மாள் 1785-இல் கட்டிய பாப்பாத்தியம்மாள் கோயில். தோழர்களுக்கு அதையும் காட்டினேன்.

ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கொடுத்தார்கள். அவள் ஒன்று வாங்கி, பெயர் எழுதாமல், "ஆற்றில் உயிர் காத்ததற்காக" என்று மட்டும் எழுதிப் போட்டாள். ஐயர் அதை வாசித்தபோது கோயிலே ஒரு நொடி திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. முடிந்து வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யார் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. "92 வெள்ளத்துல எங்க வீட்டுல ஒரு ஆளு போச்சும்மா. நீ வந்துட்ட. நல்லா இரு" என்றார். அந்த இடத்தில்தான் அவள் அழுதாள். ஆற்றங்கரையில் அழவில்லை.

*

கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்தவள் நான். நீங்கள் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது. எங்கள் ஆச்சி சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: சலசலவென்று சத்தம் போட்டால் அங்கே பாறையும் மணலும், கால் எட்டும். சத்தமே இல்லாமல் தண்ணீர் கறுத்துக் கிடந்தால் அது கசம், ஆழமான மடு. மணல் அள்ளிய குழிகள் வந்தபிறகு இந்தக் கணக்கும் முழுசாகச் செல்லாது. நேற்று முழங்கால் இருந்த இடத்தில் இன்று ஆள் மூழ்கும். இன்னொன்று, தாமிரபரணியில் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அணைக்கட்டைத் தாண்டி விழும் தண்ணீர் கீழே உருண்டு உருண்டு ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும். எங்கே ஏறுவது என்று நடந்துபோய்ப் பார்த்து வைத்த பிறகுதான் டியூப்பில் இறங்க வேண்டும். மேலே அணையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் விட்டாலும் இங்கே மட்டம் ஏறும். பாறையில் ஈரக்கோடு மறைய ஆரம்பித்தால் கரைக்கு வந்துவிடுங்கள்.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் ஆற்றில் விழுந்ததில்லை, ஒரு பார்வை மட்டும். அம்பாசமுத்திரம் பக்கம் விடியற்காலையில் டியூப்பில் அசையாமல் கிடந்தேன். நாலைந்து நீர்நாய்கள் எதிரே வந்தன. ஒன்று தலையைத் தூக்கி என்னை நன்றாகப் பார்த்தது, பிறகு மீனைக் கடித்தபடி பாறைமேல் ஏறிவிட்டது. சத்தம் போடாமல் போகிறவர்களுக்கு ஆறு இதையும் காட்டும்.

*

முதலில் எழுதியவன்தான். கோயம்புத்தூர்த் தோழி உங்கள் எல்லாருடையதையும் படித்தாள். இப்போது நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். பொங்கலுக்கு ஐந்து பேரும் அந்த அண்ணாச்சியைப் பார்க்கப் போகிறோம். டியூப் எடுக்கவில்லை, மழைத் தண்ணீர் அப்போது நிறையவே ஓடும். அவருக்கு ஒரு புது வீச்சுவலை. பணம் வேண்டாம் என்றவர் வலையை வாங்கிக்கொள்வார் என்று அவள் நம்புகிறாள்.