எலும்பு மஜ்ஜை மாற்று: 7 வயதுப் பிள்ளையிடமும் கொடையாளி அக்காவிடமும் என்ன சொல்வது?

கேள்வி (தலசீமியா அப்பா):
மகனுக்கு 7 வயது, தலசீமியா மேஜர் (ரத்தம் சரியாக உண்டாகாததால் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை நோய்). 10 வயது அக்காவின் எச்.எல்.ஏ. (மாற்றுக்குப் பொருந்துமா என்று பார்க்கும் திசு வகை) முழுமையாகப் பொருந்திவிட்டது. அடுத்த மாதம் அட்மிஷன். மருத்துவ விஷயங்களை டாக்டர்கள் விளக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மனதளவில் எப்போது கஷ்டம் அதிகம், அவர்களிடம் எதுவரை சொல்லலாம்? "அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பயந்துடுவான்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். தனி அறையில் அம்மா மட்டும்தான் தங்க முடியுமாம்.

பதில் (மஜ்ஜை மாற்று வார்டு செவிலியர்):
சொல்லத்தான் வேண்டும் சார். மொத்தமாக அல்ல, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய நாள் சொல்லுங்கள். "ஊசி வலிக்காது" என்று ஒருமுறை பொய் சொன்னால், அதன்பின் உள்ளே வரும் எல்லோரையும் பார்த்து அழுவான். "கொஞ்ச நேரம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்பதே போதும். இந்த வயதில் பல பிள்ளைகள், தான் சேட்டை செய்ததற்குத் தண்டனை இது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வார்கள். அவன் கேட்காவிட்டாலும் யார் தப்பும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

விளக்க ஒரு வழி: "எலும்புக்குள்ள ரத்தம் உண்டாகிற இடம் சரியா வேலை செய்யல. மருந்து கொடுத்து பழசை எடுத்துட்டு, அக்காகிட்ட இருந்து கொஞ்சம் வாங்கி, வயல்ல நாத்து நடுற மாதிரி நடுவாங்க. வேர் பிடிக்க மூணு நாலு வாரம் ஆகும்."

அக்காவின் மஜ்ஜைச் செல்லை ஏற்றும் நாளில்தான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அன்று ரத்தப் பை போல ஒரு பை ஏறும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஒரு வாரக் கீமோவே (பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்து) பிள்ளையைச் சோர்வாக்கிவிடும். மருந்தில் தயோடெபா இருந்தால் அது வியர்வையோடு தோலில் வெளியேறும். அதனால் இரவிலும் எழுப்பிக் குளிப்பாட்டி, உடையும் விரிப்பும் மாற்றுவார்கள். எண்ணெய், கிரீம் எதுவும் தடவக்கூடாது. இதை முன்பே சொல்லாவிட்டால் நள்ளிரவில் பெரிய போராட்டமாகிவிடும்.

உண்மையில் மிகக் கடினமான காலம் செல் ஏற்றிய 5ஆம் நாளிலிருந்து சுமார் 14ஆம் நாள்வரை. வாயும் தொண்டையும் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாது. காய்ச்சல் வரும், வலிக்கு மார்ஃபின் மருந்து ஓடும். பிள்ளை பேச்சையே நிறுத்திக்கொள்வான். கோபம் என்று எண்ணி விளையாட்டுக் காட்ட வேண்டாம். விளக்கைக் குறைத்து, பக்கத்தில் சும்மா உட்காருங்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். சத்து குழாய் வழியாகவோ டிரிப் வழியாகவோ போய்விடும். வார்டில் அம்மாவும் பிள்ளையும் அதிகம் மோதுவது சாப்பாட்டு நேரத்தில்தான், அந்த மோதல் தேவையே இல்லாதது.

வாய் கொப்புளிப்பது மட்டும் கட்டாயம். "கொப்புளிக்கிறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பான், அதை நீங்கள் ஏற்க முடியாது. "இப்பவா, கார்ட்டூன் முடிஞ்சதுமா?" என்று கேளுங்கள்.

முடியை அட்மிஷனுக்கு முன்பே டிரிம்மரில் ஒட்ட வெட்டிவிடுங்கள். சவரக் கத்தி வேண்டாம், கீறல் விழும். பூ, மண், கோயில் பிரசாதம் உள்ளே வராது என்பதைப் பாட்டியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், வார்டு வாசலில் மனத்தாங்கல் வராது.

பதில் (குழந்தை உளவியல் ஆலோசகர்):
நான் அக்காவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அவளைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

தம்பியின் சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒரு மருத்துவர் அவளிடம் தனியாகப் பேச ஏற்பாடு கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் கொடையாளிப் பிள்ளைக்கென்று தனி ஆள் வேண்டும் என்கிறது. அவளுக்குத் தெரிய வேண்டியவை: மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள், அவள் எடையில் கிலோவுக்கு 20 மி.லி.க்கு மேல் எடுப்பதில்லை. சில நாள் இடுப்பு வலிக்கும், அதற்கு மாத்திரை உண்டு. எடுத்தது சில வாரங்களில் மறுபடி ஊறிவிடும்.

"தம்பி உயிர் உன் கையிலதான் இருக்கு" என்று யாரும் சொல்லக்கூடாது. பின்னால் தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு என்று ஜி.வி.எச்.டி. (கொடையாளியின் செல்கள் பிள்ளையின் உடலைத் தாக்கும் எதிர்வினை) வந்தால், "அக்காவோட செல் இவனைத் தாக்குது" என்று உறவினர் பேசுவது அவள் காதில் விழும். அந்தக் குற்ற உணர்ச்சி வருடக்கணக்கில் நிற்கும். மஜ்ஜை எடுப்பதற்கு முன்பே, "நீ கொடுக்கறதோட உன் வேலை முடிஞ்சுது. அப்புறம் நடக்கறது டாக்டர்கள் பொறுப்பு" என்று சொல்லிவையுங்கள். எடுத்த அன்று நீங்கள் முழுநாளும் அவளோடு இருங்கள், தம்பி அறை வாசலில் அல்ல. பிறகு காரணமில்லாத வயிற்று வலி, மார்க் குறைவு, அல்லது திடீரென்று ரொம்பச் சமத்தாக மாறுவது, இவற்றைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் தப்பிவிடும்.

அம்மாவுக்கு ஆள் மாற்ற வார்டு அனுமதிக்குமா என்று இப்போதே கேளுங்கள். உறவினர்களுக்கான தகவலை தினமும் மாலை ஒரே செய்தியாக நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். தூக்கமே வராமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம்.

தலசீமியா அப்பா:
மிக்க நன்றி. டிஸ்சார்ஜ் ஆன பிறகு?

பதில் (தொடர்சிகிச்சை ஒருங்கிணைப்பாளர்):
அப்போதுதான் பல அம்மாக்கள் உடைந்துபோகிறார்கள், ஏனென்றால் மணியடித்தால் வர நர்ஸ் இல்லை. மணிக்கொருமுறை தெர்மாமீட்டர் வைக்க வேண்டாம். காலை, மாலை, உடம்பு சுட்டால், அவ்வளவே. 100.4 டிகிரி தொட்டால் நள்ளிரவானாலும் போன் செய்யுங்கள். முதல் 100 நாள் மருத்துவமனை அருகிலேயே தங்க வேண்டியிருக்கும்.

சைக்ளோஸ்போரின் (புதிய செல்லும் உடலும் ஒன்றையொன்று தாக்காமல் தடுக்கும் மருந்து) 12 மணி நேர இடைவெளியில் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பார்க்கும் நாளில் மட்டும் ரத்தம் எடுத்த பிறகே காலை மருந்து. கை நடுங்கும், முகத்தில் முடி வளரும். ஸ்டீராய்டு சேர்ந்தால் பசி, கோபம், தூக்கமின்மை. அது மருந்தின் வேலை, பிடிவாதம் அல்ல, திட்டாதீர்கள். ஆனால் கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, வலிப்பு வந்தால் மனக்கஷ்டம் என்று எண்ணாமல் உடனே கூட்டி வாருங்கள், ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்.

பள்ளி பொதுவாக 6 முதல் 12 மாதம் கழித்து. அதுவரை வாரம் ஒருமுறை வகுப்போடு வீடியோ காலில் பேசட்டும், திரும்பிப் போகும்போது கூச்சம் குறையும். சேர்க்கும்போது ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்: வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றே சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பலன்.